ஒரு ஜிபிக்கு நாற்பத்தெட்டு ஆடு

அருப்புக்கோட்டைக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில், பஸ் மனசு வைத்தால் மட்டும் நிற்கிற ஊசிக்கரடு என்னும் ஊரில், ஜோதி கம்ப்யூட்டர்ஸ் என்ற கடையின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அந்தக் கரும்பலகையில் தினம் காலை ஒன்பது மணிக்குக் கடைக்காரி இன்பஜோதி மேலே ‘செய்தி’ என்று ஒரு வரியும் கீழே ‘கருத்து’ என்று ஒரு வரியும் எழுதுவாள். உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கம்பெனி புது சிப் விட்டாலும், எந்த மென்பொருளுக்கு ஆயுசு முடிந்தாலும், எந்தச் செல்போனில் எந்தத் துளையை அடைத்தாலும், அது ஊசிக்கரட்டுக்குத் தெரியாமல் போனதே இல்லை. ஊரில் மொத்தம் பதினோரு கம்ப்யூட்டர்கள்தான் இருந்தன, அதிலும் நாலு அவளுடையவை. ஆனால் கருத்துக்கு மட்டும் அந்த ஊரில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

‘செய்தி: இனி வரும் லேப்டாப்பில் சிடி போட இடம் இருக்காது. கருத்து: நல்லது, பூச்சி போய் உட்காரும் இடம் ஒன்று குறைந்தது.’ ‘செய்தி: புது போனில் ஹெட்போன் துளை கிடையாது. கருத்து: காதில் வயரோடு ரோட்டைக் கடக்கிறவர்கள் பிழைத்தார்கள்.’ இப்படி எழுதுவாள். எதிர்த்த டீக்கடை சங்கரபாண்டி, கம்ப்யூட்டரைத் தொட்டுத் துடைத்ததுகூடக் கிடையாது என்றாலும், எட்டு கோர் பெரிசா வேகம் பெரிசா என்று பாய்லர் முன்னால் நின்று மணிக்கணக்கில் வாதாடுவார். விதை வெங்காயம் வாங்க வந்தவர்கள் நின்று கேட்டுவிட்டு, ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து, வெங்காயத்தை மறந்து வீட்டுக்குப் போனதெல்லாம் நடந்திருக்கிறது.

செய்தி தினமும் மாறும். இன்பஜோதியின் அடிப்படைக் கருத்து மட்டும் பத்து வருஷமாக மாறியதில்லை. பழசை நம்பாதே, பெட்டி என்பது வெறும் தகரம், உயிர் இருப்பது உள்ளே எழுதியிருக்கிற சாஃப்ட்வேரில், அது பழசாகிவிட்டால் தயவு பார்க்காமல் தூக்கிப் போடு. அவள் சின்ன வயசில் வேலை பார்த்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில், ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் பரீட்சைக்கு முந்தின வாரம் முந்நூறு பேருடைய விண்ணப்பங்களை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. முந்நூறையும் ஒற்றை ஆளாக மறுபடி அடித்து முடிக்கையில் அவளுக்கு விரல் வீங்கியதோடு மனசும் ஒரு தினுசாக இறுகிப்போனது. சொன்ன கருத்தை மாற்றியதாகவோ, சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகவோ அவள் பேரில் ஒரு புகாரும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவள் கடையிலேயே ஒரு பழசு இருந்தது என்றால் அதற்குக் காரணம், கூட்டுறவுச் சங்கத்தின் நீளத் தாளை அடிக்கிற, கறகறவென்று கத்துகிற பழைய பிரிண்டர், அந்த ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் சொன்னால் மட்டும்தான் கேட்கும் என்பதுதான். பின்பக்கம் முழங்கை நீளத்துக்குப் புடைத்துக்கொண்டிருக்கும் டியூப் மானிட்டர். கம்பெனிக்காரன் கொடுத்தபடியே, யாரும் மாற்றாமல், திரை நிறைய ஒரு பச்சைக் குன்றும் அதன் மேல் நீல வானமும் நாலைந்து வெள்ளை மேகமும். அந்தப் படத்தை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதில் புல் இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் மழை ஊசிக்கரட்டை எட்டிப் பார்க்கவில்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, கருவேல நெற்றும் தீர்ந்து, ஆடுகள் சுவரில் ஒட்டிய கட்சிப் போஸ்டரையும் கல்யாணப் போஸ்டரையும் பாகுபாடு பார்க்காமல் தின்றுகொண்டிருந்த சித்திரை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு, குருவம்மாவின் செவலை ஆடு திறந்திருந்த கதவு வழியாகக் கடைக்குள் வந்து, ஸ்டூலில் ஏறி, மேசையில் ஏறி, ஒன்றாம் நம்பர் திரையை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே இறங்கி மேய ஆரம்பித்தது. இன்பஜோதி ஒரு முதியோர் உதவித்தொகை மனுவை அடித்துக்கொண்டிருந்தாள். அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

குருவம்மா ஐம்பதைத் தொட்டவள். நாற்பத்தெட்டு ஆடுகளுக்குச் சொந்தக்காரி. எழுத்து வாசனை இல்லாதவள், ஆனால் எந்த ஆடு எந்த ஆட்டின் பேத்தி என்று மனசில் எழுதி வைத்திருக்கிறவள். ஆட்டைத் தேடி வந்தவள் திரைக்கு முன் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

“ஏ இன்பம், இது உன் புல்லா?”

“கம்பெனி புல்லுக்கா.”

“கம்பெனிக்காரன் கேட்டா என்னத்தச் சொல்ல?”

“இத்தனை வருசமா கேக்கல. இனியா கேக்கப் போறான்.”

செவலை அரை மணி நேரம் மேய்ந்து, வாய் ஓரம் பச்சை வழிய, வயிறு தம்மென்று இருக்க, போன வழியிலேயே திரும்பி வந்து கீபோர்டை மிதித்துக் கீழே குதித்தது. மனுவில் நாற்பது ‘ஜ’ விழுந்திருந்தது. அதை அழித்துவிட்டு இன்பஜோதி பிரிண்ட் கொடுத்தாள். மறுநாள் பலகையில் எழுதினாள்: ‘செய்தி: ஒன்றாம் நம்பரில் ஆடு மேய்கிறது. கருத்து: தீவனத்துக்கு ஆச்சு. ஆனாலும் பழைய சிஸ்டம், நம்ப வேண்டாம்.’

ஊர் அந்தக் கருத்தின் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. மறுநாள் குருவம்மா ஆறு ஆட்டை ஓட்டி வந்தாள், அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டு. பன்னிரண்டு வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. பதிமூன்றாவதாக ஒரு கிடா கொம்பைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே நுழைந்ததும், குன்றில் இருந்த அத்தனை ஆடும் வாயில் புல்லோடு, தூக்கிய கால் தூக்கியபடி, அசைவில்லாமல் நின்றுவிட்டன. குருவம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இன்பஜோதி பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க, ஹேங் ஆயிருக்கு. ராம் பத்தல” என்றாள், கிடாவைப் பின்னங்காலைப் பிடித்து வெளியே இழுத்ததும் மற்றவை மென்றதைத் தொடர்ந்து மென்றன.

அந்த வாரமே மதுரைக்குப் போய், பழைய சாமான் குவித்து வைத்திருக்கிற கடைகளில் அலைந்து, ஒன்றாம் நம்பருக்குப் பொருந்துகிற ராம் துண்டுகளைத் தேடிக்கொண்டு வந்து சொருகினாள். இருநூற்றைம்பத்தாறு எம்பியில் பன்னிரண்டு ஆடு. ஐந்நூற்றுப் பன்னிரண்டில் இருபத்து நாலு. ஒரு ஜிபியில் நாற்பத்தெட்டு, ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. அதற்கு மேல் சொருக மதர்போர்டில் இடமும் இல்லை, குருவம்மாவிடம் ஆடும் இல்லை. படிக்காத அந்தப் பொம்பளை சந்தையில் ஆட்டு வியாபாரியிடம், “என் மந்தை ஒரு ஜிபி” என்று சொல்ல ஆரம்பித்தாள். வியாபாரிக்கும் விளங்கியது.

பிறகு ஒவ்வொன்றாக வழக்கம் ஏற்பட்டது. பத்து நிமிஷம் மவுஸை அசைக்காமல் விட்டால் திரை இருண்டுவிடும். திரை இருண்டால் உள்ளே ராத்திரி என்று எண்ணி ஆடுகள் படுத்துவிடும். ஆகவே பகல் முழுக்க யாராவது உட்கார்ந்து மவுஸை ஆட்ட வேண்டும். கண்மாயில் தண்ணீர் இருந்த காலத்தில் வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சினார்களே, அந்த முறையை, தண்ணீர் இல்லாததால் சும்மா கிடந்த அந்த முறையை, அப்படியே மவுஸுக்கு மாற்றிக்கொண்டார்கள். மேலத்தெருவுக்குத் திங்கள் முற்பகல், கீழத்தெருவுக்குப் பிற்பகல் என்று தொடங்கி, முறை தவறியவர்களைப் பற்றிப் புரணி பேசுவது வரைக்கும் எல்லாம் பழையபடி நடந்தது. ஆட்டுப் புழுக்கையெல்லாம் திரையின் மூலையில் இருந்த குப்பைக்கூடையில் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் இன்பஜோதி ஒரு கிளிக்கில் அதைக் காலி செய்யும்போது, சங்கரபாண்டி டீக்கடையிலிருந்தே, “நல்ல எருவெல்லாம் எங்க போகுதோ, எவன் தோட்டத்துல விழுகுதோ” என்று வயிறெரிவார்.

கரண்ட் போவதுதான் ஒரே பயம். கரண்ட் போனால் யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும். அந்தப் பத்து நிமிஷமும் பீங் பீங் என்று கத்தும். முதல் நாலு தடவை குருவம்மா திரைக்குள் தலையை விட்டு “த்ரூ… த்ரூ… பா, பா” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஐந்தாவது தடவை அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே ஆடுகள் யுபிஎஸ் சத்தத்துக்குக் காது விறைத்து, குன்றுச் சரிவில் வரிசையாக ஓடி வந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டூலில் இறங்கின. அதிலிருந்து ஊரில் எந்த வீட்டு யுபிஎஸ் கத்தினாலும் தெருவில் போகிற குருவம்மாவின் ஆடுகள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றன.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அந்தப் படத்தை ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய்த் தம்முடைய புது தட்டைத் திரையில் போட்டுப் பார்த்தார். குன்று வந்தது, வானம் வந்தது. ஆடு மட்டும் திரையில் நெற்றியை முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அங்கேதான் ஊர் மூன்றாகப் பிரிந்தது.

“மெலிசுய்யா அது. ஆடு உள்ள போக ஆழம் வேணும்ல? மலை கண்ணாடிக்குள்ளதான் இருக்கு” என்றாள் குருவம்மா.

“ராம் போடப் போடத்தானே ஆடு கூடுச்சு? அப்ப மலை ராம்லதான்” என்றார் சங்கரபாண்டி.

இன்பஜோதி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். பலகையில் பெரிதாக எழுதினாள்: ‘கருத்து: மலை என்பது சாஃப்ட்வேர். அது ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. மற்றதெல்லாம் தகரம், கண்ணாடி.’ மானிட்டரைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்தான். ஆனால் நன்றாக மேய்கிற மந்தையை வைத்துக்கொண்டு யார் கழற்றிப் பார்ப்பார்கள்? ஆகவே விவாதம் வைகாசி, ஆனி, ஆடி என்று சுகமாக வளர்ந்தது, ஆடுகளும் வளர்ந்தன. மழை இல்லாத ஊரில் பால் இருந்தது, பிள்ளைகள் கன்னத்தில் சதை வைத்தது, உச்சி வெயிலில் கடைக்குள் நுழைந்தால் திரையிலிருந்து ஈரக் காற்று வீசியது. காற்று வாங்குவதற்காகவே சிலர் தேவையில்லாத வருமானச் சான்றிதழுக்கெல்லாம் விண்ணப்பித்தார்கள்.

ஆவணியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்பஜோதியின் கடை வெறும் டைப்பிங் கடை இல்லை. சான்றிதழ், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கிற சேவை மையம். அதற்கு அனுமதி கொடுக்கிற அலுவலகம் எழுதியிருந்தது: பழைய பதிப்பில் ஓடுகிற எல்லாக் கணினிகளையும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும், மாற்ற முடியாதவற்றின் ஹார்டு டிஸ்கை ஒப்படைக்க வேண்டும், தவறினால் மையத்தின் அனுமதி ரத்து. ஒன்றாம் நம்பரில் புதிய பதிப்பு ஏறாது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பலகையில் எழுதியவளே அவள்தான்.

“நல்லதாப் போச்சு. யாரு சொல்றது சரின்னு தெரிஞ்சிரும்” என்றார் சங்கரபாண்டி. ஆனால் அதைச் சொல்லும்போது அவருக்கே குரல் எழும்பவில்லை.

வியாழக்கிழமை காலை நாற்பத்தெட்டு ஆடு உள்ளே போனது, சாயங்காலம் நாற்பத்தேழு திரும்பியது. செவலை வரவில்லை. நிறைசினை. குன்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் படம் எடுத்தவன் இந்தப் பக்கத்தை மட்டும்தான் எடுத்திருந்தான். குருவம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். இன்பஜோதி யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி வேண்டுமென்றே கத்த விட்டாள். தூரத்தில் ஒரே ஒரு தரம் “ம்மே” என்று கேட்டது. நான் இருக்கிறேன், இப்போது வர முடியாது என்று சொல்லுகிற குரல் அது.

“குட்டி போட எடம் பாத்துட்டா. ரெண்டு மூணு நாளைக்கு வரமாட்டா. குட்டிக்குக் கால் ஊன்றணும்ல” என்றாள் குருவம்மா.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் தலைமை அலுவலகத்து ஆளாக ஜோயல் என்பவன் வந்து இறங்கினான். முப்பது வயசு, இஸ்திரி கலையாத சட்டை, முதுகில் பை, கெட்டவன் இல்லை. கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்று பலகையைத் தொட்டுப் பார்த்தான்.

“மேடம், நீங்கதானா அது? உங்க பலகையை யாரோ தினம் போட்டோ எடுத்துக் குரூப்ல போடுறாங்க. மூணு வருசமா ஒரு நாள் விடாம வாசிக்கிறேன். ஆபீஸ்ல என் மேசைக்கு மேல உங்க வரிதான் ஒட்டியிருக்கேன்.”

போனை எடுத்துக் காட்டினான். அவளுடைய எழுத்து, அவளுடைய சாக்பீஸ், பங்குனி மாசத்துத் தேதி: ‘செய்தி: பழைய பதிப்புக்குக் கம்பெனி ஆதரவு முடிகிறது. கருத்து: பழைய சிஸ்டத்துக்கு இரக்கம் காட்டாதே.’

இன்பஜோதி அதை வாசித்தாள். தன் கையெழுத்து இத்தனை கறாராக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மத்தியானம் வரைக்கும் மற்ற மூன்று கணினிகளை ஜோயல் சரி பார்த்தான். அதற்குள் கடை வாசலில் ஊர் கூடிவிட்டது. குருவம்மா திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, மவுஸை ஆட்டிக்கொண்டே, “தம்பி, ரெண்டு நாள் குடுங்க. என் ஆடு உள்ள இருக்கு, செனை” என்றாள். ஜோயல் திரையைக் குனிந்து பார்த்தான். குன்றில் புல் ஆடு மேய்ந்து ஒரு பக்கமாகக் கட்டையாகியிருந்தது. அவன் அதிசயப்படவில்லை, வருத்தப்பட்டான்.

“அக்கா, என் கையில இல்ல. அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிருவாங்க. அதுக்குள்ள ஏத்தலேன்னா இந்த மையம் நாளைக்குத் தொறக்காது.”

மையம் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற மாசம் அது. வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் கையில் பிள்ளைகளின் சான்றிதழ் நகல் இருந்தது. மையம் போனால் ஒவ்வொரு தாளுக்கும் அருப்புக்கோட்டைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

“கடிதத்தில என்ன கேட்டிருக்கீங்க, பெட்டியா, மானிட்டரா?” என்றாள் இன்பஜோதி.

“ஹார்டு டிஸ்க் மட்டும் போதும் மேடம். டேட்டா எல்லாம் அதுலதானே. நீங்களே எழுதியிருக்கீங்க.”

மூன்று மணியாகி, மூன்றரையாகி, யுபிஎஸ்ஸை இன்னும் இரண்டு தரம் கத்தவிட்டுப் பார்த்தும் செவலை வராமல், நாலு மணிக்கு இன்பஜோதி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். எடுத்தவள் குருவம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

“அக்கா, மலை டிஸ்க்லதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். இதை எடுத்தா…”

“நீ நினைக்கிற” என்றாள் குருவம்மா. “நீ தினமும் நினைச்சு நினைச்சுச் செவுத்துல எழுதுற. என் ஆடு போனது எதுக்குள்ள? கண்ணாடிக்குள்ள. நான் பின்னாடியே நின்னு பாத்தேன். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறத எடுத்துக் குடு தாயி, புள்ளைகளுக்குப் பணம் வரணும். கண்ணாடிய மட்டும் அணைச்சிராத.”

அவள் அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னதும் இன்பஜோதிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, இறங்கிய அதே இடத்தில் வேறொரு பாரம் ஏறியது. இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை, தெரியாத ஒருத்தியின் தைரியத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் அணைத்து, நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, டிஸ்கை உருவி, ஜோயலின் கையில் கொடுத்தாள். அது கதகதப்பாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த எந்த டிஸ்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் உள்ளங்கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள்.

பெட்டியை மறுபடி போட்டபோது குன்று இல்லை, வானம் இல்லை. கறுப்புத் திரை, அதில் டிஸ்க் இல்லை என்று சொல்லும் ஒரு வெள்ளை வரி. ஜோயல் ஐந்து மணிப் பஸ்ஸுக்கு முன் டிஸ்க் வந்துவிட்டதென்று பட்டியலில் ஏற்றினான். போகும்போது, “சாரி மேடம்” என்றான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

“ராத்திரியாயிருச்சு அங்க” என்றாள் குருவம்மா, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே. “நல்லதுதான், பெத்தவ படுத்திருப்பா.”

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பத்து வருஷத்தில் முதல்முறையாக, கரும்பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டர் கடையில் யாராவது தவறிவிட்டார்களா என்று சங்கரபாண்டியிடம் விசாரித்தார். ஊர் மட்டும் முறையை விடவில்லை. மேலத்தெருக்காரர்களும் கீழத்தெருக்காரர்களும் தங்கள் தங்கள் நேரத்துக்கு வந்து, அசைய ஒரு அம்புக்குறிகூட இல்லாத அந்தக் கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்து, மவுஸை ஆட்டிவிட்டுப் போனார்கள். குருவம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்து அங்கேயே குடித்தாள். அவள் ஊற்றி வைத்த கஞ்சியை இன்பஜோதி தொடவில்லை. இன்பஜோதி படித்த எல்லாமும், அவள் எழுதிய எல்லாமும், செவலை போய்விட்டது என்று சொன்னது. தன் கருத்து தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள், அதுவும் கடையில் மாட்டியிருந்த எல்லாச் சாமியிடமும், ஒன்றையும் விடாமல். ஞாயிற்றுக்கிழமையும் பலகை காலியாகவே இருந்தது.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்கு, கடையில் விண்ணப்பக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது, கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. முதல் நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷம் முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாள், “யாரு புல்லு அறுத்துட்டு வந்தது?” என்று திரும்பிப் பார்த்தாள். நாலாவது நிமிஷம் கறுப்புத் திரையில், டிஸ்க் இல்லை என்ற வெள்ளை வரிக்கு நேர் கீழே, ஈரமான ஒரு மூக்கு வந்தது; மூக்குக்குப் பின்னால் முகம், முகத்துக்குப் பின்னால் வயிறு ஒட்டிப்போன செவலை, அதன் பின்னால் தள்ளாடிக்கொண்டு ஒரு குட்டி, அந்தக் குட்டியின் வாலைக் கடித்துக்கொண்டு இன்னொரு குட்டி.

“த்ரூ, வா, வா என் ராசாத்தி” என்று குருவம்மா எழுந்தாள். கூட்டம் தானாக விலகி வழி விட்டது. இன்பஜோதி கடைசிக் குட்டியை அது ஸ்டூலில் இடறும் முன் இரண்டு கையிலும் வாங்கினாள். உடம்பெல்லாம் பனி, குளம்பு இடுக்கில் புல். அவள் அழுதாள், எல்லார் முன்னாலும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையில் ஆட்டுக்குட்டியோடு, அழுதுகொண்டே சிரித்தாள்.

“அப்ப டிஸ்க்லயும் இல்ல, பெட்டிய அணைச்சா ராமும் காலியாயிரும்னா ராம்லயும் இல்லையா?” என்றார் சங்கரபாண்டி, டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவர். “கண்ணாடியா?”

“கண்ணாடிதான்யா. அன்னைலருந்து அதத்தான கத்துறேன்” என்றாள் குருவம்மா.

அந்த வாரத்திலேயே, பிரிண்டருக்கும் சரி குன்றுக்கும் சரி என்று, இன்பஜோதி ஒன்றாம் நம்பரில் ஒரு பழைய டிஸ்கை மாட்டி, யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் இலவசமான ஒரு மென்பொருளை ஏற்றி, இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, மையத்தின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டாள். தலைமையாசிரியரின் பென் டிரைவிலிருந்த படத்தைப் போட்டதும் அதே குன்று, அதே வானம். செவலை படுத்த இடத்தில் புல் மட்டும் சற்று நசுங்கியிருந்தது. இப்போது உள்ளே போகிற ஆடு ஐம்பது. ஒரு ஜிபிக்கு நாற்பத்தெட்டுதானே என்று சங்கரபாண்டி கணக்குக் கேட்டதற்கு, புது மென்பொருள் எடை குறைவு, ரெண்டு குட்டிக்கு இடம் மிச்சம் என்றாள் இன்பஜோதி. அதை அவள் கருத்தாகச் சொல்லவில்லை, தெரிந்ததாக மட்டும் சொன்னாள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு நடந்தது. அந்தத் திங்கட்கிழமை, கரண்ட் திரும்பி வந்ததும், அவள் செய்த முதல் காரியம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனதுதான். மணி பன்னிரண்டரை, பலகை எழுதுகிற நேரமே இல்லை, ஆனாலும் கூட்டம் பின்னாலேயே வந்து நின்றது. எழுதி முடித்துவிட்டு அவள் ஒதுங்கினாள். யாரோ போட்டோ எடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் மேசைக்கு மேல் ஒட்டிய பழைய தாளைக் கிழித்துவிட்டதாக ஜோயலிடமிருந்து செய்தியும் வந்துவிட்டது.

குருவம்மா இரண்டு குட்டிகளையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். பத்து வருஷமாக அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் ஆடு ஓட்டிப் போகிறாள். ஒரு நாளும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை.

“என்ன தாயி எழுதியிருக்க? வாசி.”

“செய்தி” என்று வாசித்தாள் இன்பஜோதி. “செவலை இரண்டு குட்டி ஈன்றது, தாயும் பிள்ளைகளும் நலம்.”

“அதான் கக்கத்துல இருக்கே. கீழ என்ன?”

“கருத்து.” இன்பஜோதி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “நான் சொன்னது தப்பு.”

குருவம்மா குட்டிகளைச் சற்றுத் தூக்கி இடுக்கிக்கொண்டு, பலகைக்கு இன்னும் ஒரு அடி பக்கத்தில் வந்தாள்.

“காதுல சரியா விழல. இன்னொருக்க வாசி.”

“நான் சொன்னது தப்பு.”

“இந்தக் குட்டிகளுக்கும் கேக்கட்டும் தாயி, பச்சப் பிள்ளைக. இன்னும் ஒரே ஒருக்க.”

சங்கரபாண்டி சிரித்தார், கூட்டம் சிரித்தது. இன்பஜோதி மூன்றாம் தடவையும் வாசித்தாள், இந்தத் தடவை எதிர்த்த டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.